அடைத்தவன் அறிய வேண்டியது

பூனையொன்றைக் கட்டிவைத்துப் பட்டினியால் மடியவிட்ட பெண்ணொருத்தி அதன் பொருட்டு நரகத்திற்குரியவளானாள் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவித்த செய்தியை நாம் யாவரும் சிறு வயதிலேயே கேட்டிருக்கிறோம். கேட்கும் போதெல்லாம் அந்தப் பெண்ணை நம்மிடமிருந்து வெகு தொலைவில் நிறுத்தி விடுகிறோம். அவள் கல்நெஞ்சக்காரி, நாமோ இரக்கமுடையவர்கள். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். சென்ற சித்திரையில் என் இல்லத்தில் நேர்ந்த ஒரு சிறு மரணம் அந்த நிம்மதியைக் குலைத்து விட்டது.

இறந்தது ஆடுமன்று, மாடுமன்று. கினிப்பன்றி என்று பெயர் வழங்கும் ஒரு சிற்றுயிர். அப்பெயரே எங்கள் வீட்டில் முதற் குழப்பத்தை உண்டாக்கிற்று. திருச்சியிலிருந்து வந்த உறவினர் ஒருவர் என் மகனுக்கென்று ஆணும் பெண்ணுமாக இரண்டைக் கூண்டோடு கொண்டுவந்து வைத்தபோது, பெயரின் பிற்பாதியைக் கேட்ட என் தாயார் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்வாங்கினார்கள். அது பன்றியுமன்று, கினி நாட்டுக்குரியதுமன்று. எலி, அணில் போன்ற கொறிக்கும் இனத்தைச் சேர்ந்தது. தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைவாழ் மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக வீட்டில் வளர்த்து வருவது என்றெல்லாம் விளக்கிய பின்னரே கூண்டு வாசற்படியைத் தாண்டியது. "அப்படியானால் சீமை முயல் என்று சொல்லுங்கள்" என்று தாயார் தீர்ப்பளித்தார்கள். அன்றுமுதல் எங்களுக்கு அது சீமை முயல்தான்.

அறந்தாங்கிக்குத் தெற்கே, மழையை நம்பி வாழும் ஒரு சிற்றூர் எங்களுடையது. நெல் பொய்த்த ஆண்டுகளில் குடும்பங்களைக் காத்தது ஆடு. புதுக்கோட்டைச் சந்தைப்பேட்டையில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் ஆட்டுச் சந்தையை நம்பித்தான் இங்கே பலர் கல்யாணச் செலவையும் பள்ளிக்கூடச் செலவையும் கணக்கிடுகிறார்கள். ஆகவே சினை ஆட்டைப் பேணும் கலையை என் தாயாருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. இளங்குட்டியை அவசரப்பட்டுக் கிடாவோடு விடமாட்டார்கள். ஐந்து மாதச் சுமையின் கடைசி மாதத்தில் தொலைவில் மேய விடமாட்டார்கள். மடி இறங்குவதையும், வால் அடியில் எலும்பின் இருபுறமும் தசை தளர்ந்து குழிவிழுவதையும் விரலால் தடவிப் பார்த்து, "இன்று இரவு ஈனும்" என்று சொன்னால் அநேகமாக அது தவறாது. சீம்பாலைக் குட்டி குடிக்குமுன் வேறெவரும் மடியில் கை வைக்க முடியாது. நஞ்சு விழும்வரை அவர்கள் உறங்கியதில்லை. இவையெல்லாம் அவர்களுடைய தாயாரிடமிருந்தும், அந்தத் தாயாருக்கு அவர் தாயாரிடமிருந்தும் வந்த செல்வம்.

சீமை முயலுக்கு வயிறு பருக்கத் தொடங்கியதும் வீட்டில் பெருநாள் வந்தது போலாயிற்று. சினை ஆட்டுக்கு வைப்பது போலவே கோதுமையும் சோளமும் ஊறவைத்த கடலையும் அதற்கு வைக்கப்பட்டன. நாங்கள் வைத்த அன்பில் குறையில்லை. வைத்த தீனியில் குறை இருந்தது.

மனிதனைப் போலவே இப்பிராணியின் உடலும் வைட்டமின் சி என்னும் சத்தைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாதது. ஆடும் மாடும் பூனையும் எலியும் ஆக்கிக்கொள்ளும். நாமும் இதுவும் வெளியிலிருந்தே பெற வேண்டும். 1907-ஆம் ஆண்டில் நார்வே நாட்டு அறிஞர்களான ஹோல்ஸ்ட், ஃபிரோலிக் இருவரும் இவற்றுக்குத் தானியம் மட்டுமே கொடுத்து வந்தபோது, கடலோடிகளைக் கொன்ற ஸ்கர்வி நோய் இவற்றையும் பற்றியதைக் கண்டார்கள். அவர்கள் ஆய்வுக்கூடத்தில் செய்ததையே நான் என் திண்ணையில் செய்திருக்கிறேன். சாதாரண நாட்களில் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 மில்லிகிராம் தேவைப்படும் இச்சத்து, சினைக்காலத்தில் 30 மில்லிகிராம் வரை தேவைப்படும். கொல்லையில் நெல்லிமரம் காய்த்துக் கிடந்தது.

சினைக்காலமோ ஏறக்குறைய 59 முதல் 72 நாட்கள். எலி மூன்று வாரத்தில் ஈன்றுவிடுகிறது. இதன் குட்டிகள் வயிற்றிலேயே முழுதாக வளர்ந்து, மயிரோடும் பல்லோடும் திறந்த கண்ணோடும் பிறப்பதால் அத்தனை நாட்கள் வேண்டியிருக்கின்றன. அத்தனை பெரிய குட்டிகள் வெளிவர வழியும் வேண்டியிருக்கிறது. பேறு நெருங்கும்போது தாயின் இடுப்பெலும்பு முன்புறத்தில் ஒரு விரல் நுழையுமளவு விலகிக் கொடுக்கும். ஆறேழு மாத வயதுக்குள் முதற்பேறு காணாத பெண்ணுக்கு அந்த எலும்பின் இணைப்பு இறுகிவிடக்கூடும். பிறகு அது விலகாது. எங்களிடம் வந்தபோதே அதற்கு வயது ஒன்பது மாதமாவது இருக்கும். போதாக்குறைக்குச் சித்திரை வெயில். மலைக் குளிர்ச்சிக்குப் படைக்கப்பட்ட உயிருக்குத் தகரக் கொட்டகை நிழலே உலையாக இருந்திருக்கும்.

அன்றிரவு இஷாவுக்குப் பிறகு அது முக்கத் தொடங்கியது. இரண்டு குட்டிகள் பிறந்தன. மூன்றாவது வரவில்லை. என் தாயார் ஆட்டுக்குப் பார்ப்பது போலவே விரலால் தடவிப் பார்த்து, "எலும்பு விடவில்லையே" என்றார்கள். ஒருநாளும் கேள்விப்படாத பிராணியின் உண்மைக் குறையை அவர்களுடைய விரல் கண்டுகொண்டது. ஆனால் அதற்கு மேல் செய்வதற்கு விரலிடம் ஒன்றுமில்லை. எனக்குக் கொடுத்து மீந்திருந்த ஆண்டிபயாடிக் மாத்திரையைக் கரைத்துப் புகட்டலாமா என்று ஒரு கணம் எண்ணினேன்; ஏனோ செய்யவில்லை. பென்சிலின் வகை மருந்துகள் இதன் குடலிலுள்ள நல்ல கிருமிகளை அழித்து உயிரையே வாங்கிவிடும் என்று பின்னர்தான் அறிந்தேன். விடிந்ததும் மருத்துவரிடம் கொண்டு செல்வோம் என்று துணியில் பொதிந்து வைத்தோம். சுப்ஹு பாங்கு ஒலித்தபோது அது அடங்கி விட்டது.

கொல்லையில் புதைத்துவிட்டுத் திரும்புகையில் என் மகன் கேட்டான்: "அத்தா, பூனையைக் கட்டிப் போட்ட அந்தப் பொம்பளைக்குப் பூனை என்ன தின்னும் என்று தெரியாதா?"

தெரிந்திருக்கும் என்றேன். அவன் மேற்கொண்டு கேட்கவில்லை.

எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் பணியாற்றும் ஆலிம் நண்பர் என் முகவாட்டத்தைக் கண்டு ஆறுதல் கூறினார். தவறுதலும் மறதியும் இந்தச் சமுதாயத்திற்கு மன்னிக்கப்பட்டுள்ளன என்ற நபிமொழியை எடுத்துரைத்தார். அபூஉமைர் என்ற சிறுவர் வளர்த்த குருவி இறந்தபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் அச்சிறுவரைக் கடிந்துகொள்ளவில்லை, அன்போடு குருவியைப் பற்றி விசாரித்து அவருடைய துயரத்தில் பங்கு கொண்டார்கள் என்பதையும் நினைவூட்டினார். அந்த ஒரு ஹதீஸிலிருந்தே அறுபதுக்கும் மேற்பட்ட படிப்பினைகளை எடுத்துத் தனி நூலே யாத்தவர் ஷாபிஈ மத்ஹபின் இமாம் இப்னுல் காஸ் (ரஹ்). தீனியும் நீரும் தந்து பறவையை வீட்டில் வளர்க்கலாம் என்பதற்கு அது ஆதாரம்.

என் மகனைப் பொறுத்தவரை அந்த ஆறுதலை நான் முழுமனதோடு ஏற்கிறேன். அவன் சிறுவன். என்னைப் பொறுத்தவரை ஏற்க முடியவில்லை.

ஏன் என்று கேட்கலாம். பூனையின் செய்தியை மீண்டும் கவனியுங்கள். அவள் தானும் உணவளிக்கவில்லை, பூமியிலுள்ள சிற்றுயிர்களைத் தேடித் தின்னவும் அதை விடவில்லை என்று குற்றம் இரண்டு பகுதியாகச் சொல்லப்படுகிறது. வழியில் போகும் பூனைக்கு என்ன தேவை என்று நான் அறியாமலிருந்தால் அது வெறும் அறியாமை. அது தன் இரையைத் தானே தேடிக்கொள்ளும். கூண்டில் அடைத்தவுடன் அந்த உயிரின் தேடலை நான் பறித்துவிடுகிறேன். ஆண்டீஸ் மலையில் ஒரு சினைத்தாய் தனக்கு வேண்டிய பச்சிலையைத் தானே கடித்திருக்கும். என் திண்ணையில் என் கை வைத்ததே அதன் உலகம். அடைத்தவனின் அறியாமை, வழிப்போக்கனின் அறியாமையன்று.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம்முடைய இஹ்யாவின் முதல் பகுதியாகிய கல்வியின் நூலில், ஒவ்வொருவர் மீதும் கடமையான அறிவு எது என்பதை ஆராய்கிறார்கள். ஒரு செயல் ஒருவன் மீது கடமையாகும்போது, அச்செயலைப் பற்றிய அறிவும் அவன் மீது கடமையாகிறது என்பது அவர்கள் வகுத்த நெறி. தொழுகை கடமையானவன் தொழுகையின் சட்டத்தை அறிய வேண்டும். வணிகம் புரிபவன் வணிகத்தின் சட்டத்தை. அப்படியானால் உயிரை உடைமையாக்கியவன்? பிராணிக்குத் தீனியளிப்பது உடையவன் மீது கடமை என்று இமாம் நவவி (ரஹ்) மின்ஹாஜில் எழுதுகிறார்கள். மறுப்பவனைக் கட்டாயப்படுத்தலாம் என்கிறார்கள். குட்டிக்குத் தீங்காகுமளவு தாயிடம் பால் கறக்கலாகாது என்றும் விதிக்கிறார்கள். 1262-இல் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) பிராணிகளின் உரிமைகளை வரிசைப்படுத்தும்போது, மூப்பாலோ நோயாலோ பயனற்றுப் போனாலும் செலவழிக்க வேண்டும், அதன் கண்ணெதிரே அதன் குட்டியை அறுக்கலாகாது என்றெல்லாம் நுணுகி எழுதியிருக்கிறார்கள். "இரக்கம் காட்டுங்கள்" என்ற ஒரு சொல்லோடு இந்தப் பெருமக்கள் நிறுத்தவில்லை. குட்டிக்கு எவ்வளவு பால் வேண்டும் என்று தெரியாதவன் எப்படி அளவோடு கறப்பான்?

ஆடு விஷயத்தில் இக்கடமையை எங்கள் மண் நிறைவேற்றி வைத்திருக்கிறது. கூண்டில் விலைக்கு வரும் புதிய உயிர்கள் அந்தத் தாய்வழிக் கல்வி இல்லாமல் வருகின்றன. இதில் கசப்பான ஒன்றுமுண்டு. இப்பிராணியின் பேறுகாலத்தைப் பற்றி உலகில் அறிவுக்குப் பஞ்சமில்லை. 1882-இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததும், 1890-களில் பெஹ்ரிங் தொண்டை அடைப்பான் நோய்க்கு மாற்று மருந்து கண்டதும் இவற்றின் உடலைக் கொண்டுதான். நம் பிள்ளைகளுக்கு இடும் தடுப்பூசியின் வீரியத்தை அளக்கவும் இவை பயன்பட்டு வந்துள்ளன. ஆய்வுக்கூடத்திற்கு வேண்டிய எண்ணிக்கையைப் பெருக்க, எந்த வயதில் இணைப்பது, எத்தனை நாள் சுமக்கும் என்று எல்லாம் துல்லியமாகக் குறித்து வைத்தார்கள். கொல்வதற்காக வளர்த்தவன் கற்றுக்கொண்டதை, கொஞ்சுவதற்காக வாங்கிய நான் கற்கவில்லை.

ஆலிம் நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் சற்று நேரம் மௌனமாயிருந்தார். பிறகு, "தவறுதலாக ஒருவர் பிறருடைய பொருளை அழித்துவிட்டால் பாவம் நீங்கும், ஈடு கொடுக்கும் பொறுப்பு நீங்காது. அதுதான் சட்டம்" என்றார். இறந்துபோன பிராணிக்கு ஈட்டை எவரிடம் கொடுப்பது என்றேன். அவர் கூண்டைப் பார்த்தார்.

இரண்டு குட்டிகளும் அங்கே நடுங்கிக் கொண்டிருந்தன. ஒன்று ஆண், ஒன்று பெண். ஆட்டுப் பாலை இளஞ்சூடாக்கி, மருந்துச் சொட்டுக் குழாயால் துளித்துளியாகப் புகட்டினோம். மூச்சுக்குழலில் இறங்கிவிடாமல் உதட்டோரத்தில் வைக்க வேண்டும். தாய் நக்கிக் கொடுத்தால்தான் சிறுநீர் பிரியும் என்பதால், வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் என் தாயார் ஒவ்வொரு முறையும் துடைத்து விட்டார்கள். ஆட்டுக்குட்டிக்குச் செய்தது போலத்தானே என்றார்கள். மறுநாளே இரண்டும் புல்லைக் கொறிக்கத் தொடங்கியது கண்டு வியந்தோம். இப்போது அருகம்புல்லும் கொத்தமல்லித் தழையும் நெல்லிக்காயின் சிறு துண்டும் நாள் தவறாமல் கிடைக்கின்றன. மதியத்தில் கூண்டின் மேல் ஈரச்சாக்கு விரிக்கிறோம்.

ஈன்ற சில மணி நேரத்திலேயே தாய் மீண்டும் கருவுறும். பெண்குட்டியோ நான்கு வாரத்திலேயே சினையாகக்கூடும். ஆகவே மூன்று வாரத்தில் ஆணைப் பிரிக்க வேண்டும் என்று படித்த என் மகன், நாட்காட்டியில் இருபத்தோராம் நாளைச் சுற்றி வட்டமிட்டு வைத்தான். அந்த நாளில் ஆண்குட்டி தன் தந்தையின் கூண்டுக்குப் போயிற்று. பெண்குட்டியின் கூண்டு என் தாயாரின் கட்டிலுக்கருகே இருக்கிறது. சென்ற வாரம் திருச்சி உறவினர் தொலைபேசியில், தனியாயிருக்கும் பெண்ணுக்குத் துணையாக ஒன்று கொண்டுவரட்டுமா என்று கேட்டார். தாயார் தொலைபேசியை வாங்கி, "பெண்ணாகக் கொண்டு வா. எத்தனை மாதம் என்று விற்கிறவனிடம் கேட்டுக்கொண்டு வா" என்றார்கள்.