உருவமில்லாத நடுகல்

நட்ட கல்லை வணங்குகிறவர் கல்லையா வணங்குகிறார்? மதுரைக்கு மேற்கே, ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டறியப்பட்ட மூன்று நடுகற்களை வைத்தே, இல்லை என்று சொல்லலாம். அவற்றில் வீரனின் உருவம் கிடையாது. தமிழ் பிராமி எழுத்து மட்டுமே. ஒன்று, கூடலூர் ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் பூசலில், மாண்ட அந்தவனுக்கானது. பெயரும் ஊரும் பொறித்தது வெறும் நினைவுச் சின்னம்தானே, வழிபாடு எங்கே வந்தது என்று கேட்கலாம். தொல்காப்பியமோ கல்லைத் தேர்வது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது எனச் சடங்கையே வரிசைப்படுத்துகிறது. புறநானூற்றின் 335-ஆம் பாட்டில் மாங்குடி கிழார் இன்னும் துணிந்து பேசுகிறார்: போரில் வீழ்ந்தவனின் கல்லைத் தவிர, நெல் தூவி வணங்க வேறு தெய்வமே இல்லையாம். நினைவையும் வழிபாட்டையும் பிரித்தது பிற்காலத்துப் பழக்கம்.

இதைவிடக் கடினமான மறுப்பு விவிலியத்தில் இருக்கிறது. பெத்தேலில் யாக்கோபு தலைக்கு வைத்துப் படுத்த கல்லைத் தூணாக நிறுத்தி எண்ணெய் வார்த்தான்; அதே விவிலியத்தின் உபாகமம் என்னும் நூல் அத்தகைய தூணையே விலக்குகிறது. அடையாளமே ஆண்டவனாகிவிடும் என்ற அச்சம் அது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் நடப்படாமல் வெறும் கல்லாகக் கிடந்தவரை அந்தவனின் கல்லை யாரும் கும்பிட்டிருக்க முடியாது. அதைத் தேர்ந்து, பெயர் வெட்டி, நட்டவர்கள் கும்பிட்டது கல்லின் ஆற்றலை அன்று. மாண்டவனுக்குத் தாங்கள் பட்ட கடனை. யாக்கோபும் எண்ணெய் வார்த்த கையோடு ஒரு பொருத்தனை, ஒரு நேர்த்திக்கடன், செய்துகொண்டான்.