கடிவாளம் அறுந்த பின்

புலன்கள் குதிரைகள், மனம் கடிவாளம் என்கிறது கடோபநிடதம். இறுகப் பிடித்தால் அமைதி வந்துவிடும் என்று நம்பி, நாமும் பிடித்துக்கொண்டே இருக்கிறோம். பிடித்துப் பிடித்துக் கைதான் கடுக்கிறது, அமைதி வந்தபாடில்லை. அந்தக் கடிவாளமே ஒருநாள் அறுந்துபோனால்? இந்தக் கேள்வியோடு சற்று அமர்ந்திருப்போம்.

1962 ஜூன். பாரிஸின் ஓத்தெய் பந்தயத் திடலில், மாண்டரின் என்ற குதிரையின் மேல் இங்கிலாந்தின் ஜாக்கி ஃப்ரெட் வின்டர். தடைகளைத் தாண்டித் தாண்டி ஏறக்குறைய நான்கு மைல் ஓட வேண்டும். வளைந்து வளைந்து செல்லும் பாதை. ஓட்டம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே குதிரையின் வாய்க்குள் இருந்த ரப்பர் உறையிட்ட கடிவாளத் துண்டு முறிந்தது. வார் கையில் இருந்தது. குதிரை வாரில் இல்லை. நிறுத்த வழியில்லை, திருப்பவும் வழியில்லை.

முழங்காலின் அழுத்தத்தாலும் உடலின் சாய்வாலும் வின்டர் வழி சொன்னார். மாண்டரின் கேட்டது. முடிவு நெருங்கும்போது அதன் காலில் தசைநாரும் பழுதாயிற்று. அப்படியும், தலையளவு முந்தி வென்றார்கள். பிடி போன பிறகும் உறவு போகவில்லை. நாம் அஞ்சுவதெல்லாம் பிடி நழுவுவதற்குத்தான். அதற்கு அடியில் வேறொன்று நம்மைத் தாங்கிக்கொண்டிருப்பதை நழுவும்வரை அறிவதில்லை.

நான்கு முறை சாம்பியன் ஜாக்கி, 923 வெற்றிகள், இங்கிலாந்தின் பெரிய தடைதாண்டும் பந்தயமான கிராண்ட் நேஷனலில் இரண்டு முறை வெற்றி. 1964இல் சேணத்தை விட்டு இறங்கிய வின்டர், பந்தயங்களைத் தொடங்கிவைக்கும் ஸ்டார்ட்டர் வேலை கேட்டார். கிடைக்கவில்லை. அதனால்தான் லாம்போர்ன் என்ற ஊரில் லாயம் அமைத்துப் பயிற்சியாளர் ஆனார். மறுத்தவர்களுக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது: 1965இல் ஜே ட்ரம்ப், 1966இல் ஆங்லோ என அடுத்தடுத்து இரு கிராண்ட் நேஷனல்கள் அவருடைய லாயத்துக்கே வந்தன.

பயிற்சியாளரின் வாழ்வை நினைத்துப் பாருங்கள். தீனி பார்க்கிறார், காலைத் தடவி வீக்கம் பார்க்கிறார், விடியலில் ஓடவிட்டு மூச்சைக் கவனிக்கிறார். பந்தய நாளிலோ வேறொருவரை ஏற்றிவிட்டு வெறுங்கையோடு நிற்கிறார். செய்ய வேண்டியதெல்லாம் முன்பே செய்தாயிற்று. இனி ஆசைப்படலாம், ஆனால் ஆசையால் ஓர் அடிகூட முன்னே தள்ள முடியாது. முயற்சி முழுமையாக, பிடி முழுமையாக விட்டு. அந்த நிற்பும் ஒரு தவம்தான். வளர்ந்த பிள்ளைகளைப் பெற்ற நம்மில் பலர் அந்த இடத்தில்தான் நிற்கிறோம், நிற்கத் தெரியாமல்.

1973 கிராண்ட் நேஷனல். வின்டரின் குதிரை கிரிஸ்ப், சுமார் 76 கிலோ சுமந்து, நெடுந்தூரம் தனியாகவே முன்னே பறந்தது. ஏறக்குறைய 10 கிலோ குறைவாகச் சுமந்த ரெட் ரம் பின்னால் வந்தது. கடைசித் தடைக்குப் பின் கிரிஸ்ப்பின் கால்கள் தள்ளாடின. எல்லைக் கோட்டருகே முக்கால் குதிரை நீளத்தில் தோற்றது. பார்வையாளர் மாடத்திலிருந்து வின்டர் என்ன செய்திருக்க முடியும்?

அதே ஆண்டின் பிற்பகுதியில் டான்காஸ்டரில் இரண்டும் சம எடையோடு ஓடின. கிரிஸ்ப் எளிதாக வென்றது. அந்த வெற்றியைப் பேசுவோர் சிலர். தோற்ற ஓட்டத்தைத்தான் இன்றும் அன்போடு சொல்கிறார்கள்.