துரத்திய ஊர்

திருவேங்கடத்திலிருந்து திருப்பூருக்கு வேலைக்குப் போனவர் தீபாவளிக்கு பஸ் பிடித்து வந்துவிடலாம். ரங்கூனை விட்டு வந்தவர்களுக்கு அது முடியவில்லை.

1962-ல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-ல் கடைகளை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றும் அறிவித்தது. தலைமுறையாக அங்கே இருந்த தமிழர்கள் வெறுங்கையோடு கப்பலேறினார்கள். இங்கே அவர்களுக்கு நாம் வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. பலர் பிறந்ததே பர்மாவில்! பிறந்த ஊரைப் பிரிந்து வருவதற்குப் பெயர் 'திரும்புவது'. வேடிக்கைதான்.

சிலருக்கு இங்கே மனசு ஒட்டவில்லை. மணிப்பூர் வரை போய், எல்லை தாண்டி நடந்தே பர்மாவுக்குப் போகப் பார்த்தார்கள். உள்ளே விடவில்லை. சென்னைக்கும் வராமல் எல்லையோரம் மோரேயிலேயே தங்கிவிட்டார்கள். அங்காளபரமேஸ்வரிக்குக் கோயிலும் கட்டினார்கள்.

துரத்திய ஊர் மேல் என்ன பாசம், ரோஷம் வேண்டாமா என்று கேட்கலாம். துரத்தியது யார்? ராணுவம். காலையில் மொஹிங்கா விற்ற கிழவியா சட்டம் போட்டாள்? ஷ்வேடகோன் கோபுரமா கடைக்குப் பூட்டுப் போட்டது? அரசாங்கத்தின் மேல் உள்ள கோபத்தை ஊர் மேல் காட்ட அவர்களுக்கு மனசு வரவில்லை.

சென்னை பர்மா பஜார் பக்கம் சாயங்காலத்தில் போய்ப் பாருங்கள். அத்தோ கடையில் கூட்டம் நிற்கும்.