போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் போடு

டிசம்பர் ஞாயிறு. லண்டனில் பட்னியிலிருந்து ஹேமர்ஸ்மித் வரை தேம்ஸ் ஆற்றோரமாகப் பெண்கள் பதினோரு பேர் நடந்தோம். மதியச் சாப்பாடு பப்பில். எல்லாருக்கும் நானே கவுண்டரில் நின்று ஆர்டர் சொன்னேன். இதே நகரின் ஃப்ளீட் தெருவில், எல் வினோ என்ற மதுக்கூடம் ஒரு காலத்தில் கவுண்டரில் நிற்கும் பெண்களுக்குப் பரிமாற மறுத்தது; பின்னறையில் போய் உட்கார வேண்டியிருந்தது. இரண்டு பெண்கள் சேர்ந்து வழக்காடி, அது சட்டவிரோதம் என்று தீர்ப்பு வாங்கியது 1982இல்.

வெளியே வரும்போது மணி நாலரை. இருட்டிவிட்டது. பட்னியில் வீடு உள்ள தோழி, வந்த பாதையிலேயே திரும்ப நடக்க ஆசைப்பட்டாள். "தனியாகவா? பஸ்ஸில் போ. போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் போடு" என்றேன். பஸ் ஏறிவிட்டாள்.

அக்கறையில்தான் சொன்னேன். அந்தப் பயம் நான் உண்டாக்கியதும் இல்லை. ஆனாலும் காலையில் எங்களுடையதாக இருந்த பாதையை மாலையில் அவளுக்கு இல்லாமல் ஆக்கியது என் வார்த்தை. ஒரு பெண்ணைப் பாதுகாப்பது என்றால் அவள் போகிற இடத்தைக் குறைப்பது என்றே நமக்கும் பழகிப்போயிருக்கிறது. கூடவே நடந்திருக்கலாம். எனக்கு முக்கால் மணி நேரம்தான் ஆகியிருக்கும். அது எனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் உறுத்துகிறது.

அடுத்த நடைக்கு டார்ச் எடுத்துவைத்திருக்கிறேன். அவளோடு திரும்பி நடப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.