நாகர் நாட்டு உணவும் அறமும்

ஊனுண்ணும் அரக்கரும் நாகரும் எவ்வாறு உணவு பெற்றனர் என்பது பொருளியல் வினா மட்டுமன்று. அறவியல் வினாவும் ஆகும்.

மகாபாரதத்தில் பகன் ஏகசக்கர நகரைப் பகைவரிடமிருந்து காக்கிறான். அதற்கு ஈடாக வண்டிச் சோறு, இரண்டு எருமை, அவற்றைக் கொண்டுசெல்லும் மனிதன் என ஊரார் முறைவைத்து அனுப்புகின்றனர். இது கொள்ளையன்று; வரி. காவலும் முறையும் உண்டு, அறம் இல்லை. வீமன் பகனைக் கொல்வதே அங்குத் தீர்வாகிறது.

மணிமேகலை வேறு வழி காட்டுகிறது. கலம் கவிழ்ந்து கரையேறிய சாதுவனை நாகர் உண்ண முனைகின்றனர். அவர்தம் மொழியை அறிந்தமையால் அவன் பிழைக்கிறான். முன்னர் உண்ணப்பட்டோரின் சந்தனமும் அகிலும் ஆடையும் அங்கே குவிந்துள்ளன. மாற்றிக்கொள்ள ஆளில்லாத நிலத்தில் பண்டத்திற்கு விலையில்லை. வந்தவனுக்கும் ஊன் என்பதன்றி வேறு மதிப்பில்லை.

தமக்கு இயன்ற அறத்தையே நாகர் தலைவன் வேண்டுகிறான். கலம் கவிழ்ந்தோரைக் காக்குமாறும், மூத்து இறந்த விலங்கின் ஊன் தவிரப் பிற உயிர்க்கொலையை விடுமாறும் சாதுவன் கூறுகிறான். முழுத் துறவை அவன் சுமத்தவில்லை.

மூத்து இறக்கும் விலங்குகள் ஒரு குடிக்குப் போதுமா? சாத்தனார் இதற்கு நேரே விடை கூறவில்லை. எனினும், அமுதசுரபியில் ஆதிரை முதற்பிச்சை இடும் இடத்திலேயே அவள் கணவனின் இக்கதையை வைக்கிறார். கொல்லாமையைக் கூறுவோர் பசி தீர்க்கும் பொறுப்பையும் ஏற்றல் வேண்டும் என்பதே அவ்வமைப்பின் உட்கிடை எனலாம்.