கோடை விடுமுறையும் பெற்றோர் கடமையும்



பள்ளிக்கூடம் மூடியாயிற்று. புத்தகப் பை மூலையில் கிடக்கிறது. வெளியே அனல் வீசுகிறது. வீட்டுக்குள்ளே தலைக்கு மேல் வேலை. "அம்மா, நான் என்ன செய்யட்டும்?" என்று பிள்ளை காலையிலிருந்து பத்துத் தடவை கேட்டாயிற்று. ஆகவே அநேக வீடுகளில் அதன் கையில் கைபேசியைக் கொடுத்து ஓர் ஓரத்தில் உட்கார வைத்துவிடுகிறார்கள். பிள்ளையும் சத்தமில்லாமல் இருக்கிறது. அந்த அமைதி நல்ல அமைதிதானா என்பதை இந்த வாரம் கொஞ்சம் சிந்திப்போம்.

பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை உண்டு. ஞானோபதேச வகுப்புக்கும் விடுமுறை உண்டு. தாய் தகப்பன் என்னும் உத்தியோகத்துக்கு மட்டும் விடுமுறை இல்லை. பிள்ளைகளுக்கு முதலாவதும் முக்கியமுமான ஆசிரியர்கள் பெற்றோரே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ம் ஆண்டில் கிறிஸ்தவக் கல்வியைக் குறித்து வெளியிட்ட அறிக்கையில் போதித்திருக்கிறது. உபாத்தியாயரும் பங்குச் சுவாமியாரும் உங்களுக்கு உதவி செய்கிறவர்களே ஒழிய, உங்களுக்குப் பதிலாக நிற்கிறவர்கள் அல்ல.

நமது ஆண்டவரிடம் சிறு பிள்ளைகளைக் கொண்டுவந்தபோது அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? அதட்டினார்கள். பெரிய காரியங்கள் காத்திருக்க, இந்தச் சின்னப் பிள்ளைகளுக்கு இப்போது நேரமேது என்று எண்ணியிருப்பார்கள். ஆண்டவரோ அதைக் கண்டு கோபங்கொண்டார். பிள்ளைகளைத் தடுக்கவேண்டாமென்று கட்டளையிட்டு, அவர்களை அணைத்துக்கொண்டு, கைகளை வைத்து ஆசீர்வதித்தார். சந்தைவெளியில் குழல் ஊதி ஆடும் பிள்ளைகளின் விளையாட்டைக்கூட அவர் தமது பிரசங்கத்தில் எடுத்துச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகளின் விளையாட்டு மோட்ச இராச்சியத்தின் அரசருக்கு அற்பமாய்த் தோன்றவில்லை.

அர்ச். குழந்தை தெரேசம்மாள் தன் சுயசரிதையில் எழுதிவைத்த ஒரு சிறு காரியத்தைக் கேளுங்கள். அவளுக்குப் பொம்மை விளையாட்டில் அவ்வளவு விருப்பமில்லை. தோட்டத்தில் கிடைக்கும் விதைகளையும் மரப்பட்டைத் துண்டுகளையும் பொறுக்கிக் கஷாயம் சேர்ப்பதே அவளுக்குப் பிரியம். அதை அழகான சிறு கிண்ணத்தில் ஊற்றித் தகப்பனாரிடம் கொண்டுபோவாள். தகப்பனார் லூயி மார்த்தேன் மனைவியை இழந்தவர். 5 பெண்மக்களை வளர்க்கும் பாரம் அவர்மேல் இருந்தது. "போ அம்மா, வேலையாயிருக்கிறேன்" என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு, புன்முறுவலோடு அந்தக் கஷாயத்தைக் குடிப்பதுபோல் பாவனை செய்வார். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்குமுன், மீதியைக் கொட்டிவிடலாமா என்று மகளிடமே கேட்பார்! இந்தத் தகப்பனாரையும் அவர் மனைவி சேலியம்மாளையும் பாப்பரசர் பிரான்சிஸ் 2015-ம் ஆண்டில் ஒன்றாக அர்ச்சியசிஷ்ட பட்டத்துக்கு உயர்த்தினார். பிற்காலத்தில் சர்வேசுரனைத் தகப்பனென்று அத்தனை நம்பிக்கையோடு கூப்பிட்ட தெரேசம்மாள், தகப்பன் என்றால் யார் என்பதை முதன்முதல் தன் வீட்டிலேயே கண்டுகொண்டாள்.

ஆகையால், விடுமுறையில் பிள்ளைக்கு வேண்டியது விலையுயர்ந்த விளையாட்டுச் சாமான் அல்ல. வேலையை நிறுத்திவிட்டு அதன் பக்கத்தில் உட்காரும் ஓர் ஆள். என்ன செய்வதென்று கேட்பீர்களாகில், செலவில்லாத சில காரியங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, விதை. ஒரு பிடி பச்சைப்பயறை இரவில் ஊறவைத்து, காலையில் ஈரத்துணியில் பிள்ளையின் கையாலேயே முடியச் சொல்லுங்கள். துணி காயாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. மறுநாள் அவிழ்த்தால் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். 4 முளைகளைச் சிரட்டையில் மண் போட்டு நட்டு, 2 சிரட்டைகளை வெளிச்சத்திலும் 2 சிரட்டைகளை இருட்டிலும் வைத்து வித்தியாசம் பார்க்கட்டும். "உள்ளேயிருந்து யார் தள்ளுகிறார்கள்?" என்று கேட்கும். தண்ணீர் பட்டதும் விதைக்குள் உறங்கும் உயிர் விழித்துக்கொள்கிறது என்று சொல்லுங்கள். அந்த உயிரை வைத்தவர் யாரென்றும் சொல்லுங்கள். விதைத்தவன் தூங்கி எழுந்திருக்கையில் அவன் அறியாமலே பயிர் வளருகிறதென்று ஆண்டவர் சொன்ன உவமையை அன்றைக்குச் சொன்னால், அது ஆயுள் முழுவதும் மறக்காது.

இரண்டாவது, நிழல். முற்றத்தில் ஒரு குச்சியை நேராக நட்டு, மணிக்கொரு முறை நிழலின் நுனியில் ஒரு கல்லை வைக்கச் செய்யுங்கள். 12 மணிக்கும் 12.30 மணிக்கும் நடுவில் நிழல் மிகவும் குறுகியிருக்கும். மார்கழியில் நம் ஊர்களில் உச்சிவேளை நிழல் வடக்கே விழும். மே மாதத்திலோ சூரியன் நம் தலையைத் தாண்டி வடக்கே போய்விடுகிறபடியால் நிழல் தெற்கே விழும். இதைத் தன் கண்ணாலே காணும் பிள்ளை கைகொட்டிச் சிரிக்கும். சூரியனை மட்டும் நேராகப் பார்க்க விடாதீர்கள். உச்சிவேளை மணி அடிக்கையில் அந்தக் குச்சியருகிலேயே அதோடு திரிகால செபத்தைச் சொல்லுங்கள்.

மூன்றாவது, பல்லாங்குழி. 14 குழியும் கொஞ்சம் புளியங்கொட்டையும் போதும். பலகை இல்லையேல் தரையில் சுண்ணக்கட்டியால் வட்டம் போடலாம். எண்ணிக்கை மாத்திரமல்ல, நேர்மையும் இதில் படியும். விளையாட்டில் ஒரு கொட்டையை ஒளிக்காத பிள்ளை, நாளைக்குக் கடையில் எடையைக் குறைக்காது. பெரியவர்கள் சில சமயம் தோற்றும் காட்டவேண்டும். தோற்றபின் சிரித்தும் காட்டவேண்டும். 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் கையில் கொட்டைகளைக் கொடுக்கவேண்டாம், வாயில் போட்டுக்கொள்ளும்.

நான்காவது, மணிச்சரம். தெரேசம்மாளுக்கு 4 வயதாயிருந்தபோது, மூத்த அக்காள் அவளுக்கு மணிகள் கோத்த ஒரு சரம் கொடுத்தாள். சின்ன ஒறுத்தல் ஒன்று செய்தவுடன் சட்டைப்பைக்குள் கைவிட்டு ஒரு மணியைத் தள்ளிவிடுவாள். நம் வீட்டிலும் தடித்த நூலில் 10 மணிகளைக் கோத்துக் கொடுக்கலாம். தம்பிக்கு மாம்பழத்தில் பெரிய துண்டை விட்டுக்கொடுத்தால் ஒரு மணி. பாட்டியம்மாளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தால் ஒரு மணி. தேவமாதாவின் மே மாத வணக்கத்துக்கு இதைவிட அழகான பூமாலை வேறில்லை.

"சுவாமி, நாங்கள் விடிந்தால் வேலைக்குப் போகிறவர்கள், இதற்கெல்லாம் நேரமேது?" என்பீர்கள். மெய்தான். நாள் முழுவதும் யாரும் கேட்கவில்லை; மாலையில் அரைமணி நேரம் போதும். வீட்டில் தாத்தாவும் பாட்டியும் இருந்தால் கதை சொல்லட்டும். வீட்டிலேயே இருக்கும் தாய்மார், வேலைக்குப் போன அண்டை வீட்டாரின் பிள்ளைகளையும் கூப்பிட்டு உட்காரவைத்தால், அது பெரிய தர்மம்.

ஒரு காரியத்தை மறவாதேயுங்கள். "ஏன்? எதற்கு?" என்று கேட்டுவரும் சிறு பிள்ளையை "தொந்தரவு செய்யாதே" என்று பலமுறை துரத்திவிட்டால், அது ஒருநாள் கேட்பதை நிறுத்திவிடும். நமக்கு நிம்மதி என்று தோன்றும். ஆனால் 16 வயதில் அதன் முகம் வாடியிருக்கக் கண்டு, "உன் மனதில் என்ன இருக்கிறது, சொல்" என்று நாம் கெஞ்சும்போது, அது வாய் திறவாது. கஷாயக் கிண்ணத்தை வாங்கிக்கொண்ட தகப்பனிடமே மகள் பின்னாளில் தன் இருதயத்தையும் திறந்து காட்டுவாள்.

ஆகையால் இன்று இரவு குடும்ப செபமாலை முடிந்தபின் உடனே எழுந்துபோகாமல், பிள்ளையைப் பக்கத்தில் அழைத்து, "நாளைக்கு நாம் இருவரும் என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். அது சொல்வதைக் கடைசிவரை கேளுங்கள். நசரேத்தூரில் சேசு பாலனை வளர்த்த தேவமாதாவும் அர்ச். சூசையப்பரும் உங்கள் வீட்டுக்குத் துணையாயிருப்பார்களாக. ஆமென்.