துணை என்றொரு சொல்

திரைப்படத்தின் தொடக்கத்தில் வரும் பெயர்களுள் நாயகனின் பெயருக்கு மட்டுமே கொட்டகையில் சீழ்க்கை எழுகிறது. எஞ்சியோர் ‘துணை நடிகர்’. துணை என்பது தமிழில் உயர்ந்த சொல். வாழ்க்கைத்துணை என்கிறோம், வழித்துணை என்கிறோம். நடிகர் என்ற சொல்லோடு சேர்ந்ததும் அது ஏன் தாழ்ந்துபோகிறது?

டி. எஸ். பாலையாவை (1914–1972) எடுத்துக்கொள்வோம். அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதிலீலாவதி’யில் (1936) அவர் வில்லன். அதே படத்தில் சிறு வேடம் தாங்கியவர் நம் கண்டிச் சீமையில் பிறந்த எம்.ஜி.ஆர். அவர் நாயகனாகி, 1977இல் தமிழ்நாட்டின் முதலமைச்சரும் ஆனார். பாலையாவோ பெரும்பாலும் பிறர் கதைகளிலேயே வாழ்ந்து முடித்தார். ஆற்றலில் குறைந்தவரா அவர்?

‘காதலிக்க நேரமில்லை’யில் (1964) மகனாக வரும் நாகேஷ் தாம் எடுக்கப்போகும் திகிற்படத்தின் கதையைச் சொல்கிறார், தந்தையாகிய பாலையா கேட்கிறார். கேட்பது ஒன்றே அவருக்குப் பணி. கண் சற்றே விரிகிறது, உதடு உலர்கிறது, நாற்காலியில் உடல் ஒடுங்குகிறது. இல்லாத பேயை நமக்குக் காட்டியவர் சொன்னவரா, கேட்டவரா? ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில் அவர் தவில்காரர். தவிலின்றி நாயனக் கச்சேரி ஏது? ஆயினும் சுவரொட்டியில் பெரிதாய் நின்றது நாயனந்தான்.

‘எல்லோரும் வேண்டியவர்களே’ என்று கூறி இவ்விடத்தில் மனநிறைவு கொள்வது எளிது. அந்த இனிப்புரையை முதலாளிகளும் தொழிலாளரிடம் வழங்குவதுண்டு; கூலி மட்டும் ஏறுவதில்லை. ஹொலிவூட்டில் 1936ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து துணை நடிப்புக்கும் ஒஸ்கார் பரிசு தரப்பட்டது. நாயகர்க்குச் சிலை, துணைவர்க்குத் தகடு. அவர்களுக்கும் சிலை கிடைக்க 1944ஆம் ஆண்டு விழாவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1940இல் அத்தகட்டைப் பெற்ற கறுப்பினப் பெண் ஹாட்டி மக்டானியல், நிறவெறியால் அதே மண்டபத்தில் தனி மேசையில் அமர்த்தப்பட்டார். பணிப்பெண் வேடத்துக்காகப் பெற்ற பரிசு அது! ஹோவாட் பல்கலைக்கழகத்தில் வைக்கப்பட்டிருந்த அத்தகடு பின்னர் காணாமற்போயிற்று; 2023இல்தான் மாற்றுத் தகடு வழங்கப்பட்டது.

ஆகவே, வரிசையை வகுப்பது கலையன்று, விற்பனை. எந்த முகம் நுழைவுச்சீட்டை விற்குமோ அதற்கே முதலிடம். கலைக்குள் பாலையாவை யாரும் இரண்டாமவராக எண்ணவில்லை. கணக்குப் புத்தகத்தில்தான் அவர் இரண்டாமவர். அந்தக் கணக்கையே நாம் நம் இரசனையாக ஏற்றுக்கொண்டோமென்பதுதான் வருந்தத்தக்கது.

திருகோணமலையில் வாழும் நமக்கு இது புதிதன்று. சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளைக் கட்டியவர் யாரென்று கேட்டால் ‘வெள்ளைக்காரன்’ என்றே விடை வரும். இரும்புத் தகடுகளைப் பொருத்திய கைகள் யாருடையவை? பெருங்கப்பலின் பெயர் தெரிந்த அளவுக்கு, அதனைக் கரைக்கு இழுத்துவரும் படகின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பாடசாலை நாடகத்தில் காவலன் வேடம் கிடைத்த மாணவன் முகம் சுளிக்கிறான். சிறு வேடத்தின் பெருமையை அவனுக்கு எடுத்துரைக்க நாம் விரைகிறோம். ஆனால் இரண்டு மணி நேரமும் ஈட்டியோடு நிற்பதன்றிக் காவலனுக்கு வேறெதுவும் எழுதாத நாடகத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு, பாலையாவைப் பற்றிச் சொற்பொழிவாற்றினால் அவன் ஏன் நம்ப வேண்டும்?